நோரா பிளைத் நடந்து போன வாசல்

எட்வின் ஹாலம் பிரித்தானியப் பிரதமராகி அது இரண்டாவது குளிர்காலம். அவருடைய கட்சிக்கு நாடாளுமன்ற அவையில் மயிரிழைப் பெரும்பான்மைதான். ஒரு மாலை, ஓட்டெடுப்புக்குச் சற்று முன்னால், அவருடைய சிஷ்யை நோரா பிளைத் வந்து அறைக் கதவைத் தட்டினார்.

சிஷ்யை என்று மற்றவர்கள்தான் சொல்வார்கள். ஹாலம் அப்படிச் சொன்னதில்லை.

ஹாலம் வடக்கே ஒரு மலையடி ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இரண்டு தேர்தல்களில் தோற்று, அடுத்ததில் ஜெயித்து லண்டன் வந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குத் திரும்பி, நூலக அறை ஒன்றில் உட்கார்ந்து தொகுதி மக்களின் குறைகளைக் கேட்பார். நோரா பிரசவம் பார்க்கும் நர்ஸ். வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் என்று ஒரு சனிக்கிழமை சண்டைபோட வந்தார்.

ஹாலம் முழுவதையும் கேட்டுவிட்டு, "திட்டி முடித்தாயிற்றா? அப்படியே பக்கத்தில் உட்கார். அடுத்தவர் திட்டுவதையும் கேட்போம்" என்றார்.

நோரா உட்கார்ந்தார். பல வருடங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்கெல்பி தொகுதியில் நின்று அவரும் உறுப்பினரானார்.

இப்போது ஸ்கெல்பிக்குத்தான் ஆபத்து. சின்ன ஊர்களின் பிரசவ வார்டுகளை மூடிவிட்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு சேர்க்கும் மசோதா அன்று ஓட்டுக்கு வந்தது. அது ஹாலம் கொண்டுவந்த மசோதா. தோற்றால் பதவி விலகுவேன் என்றும் அவர் அறிவித்திருந்தார்.

நோரா உள்ளே வந்தபோது அறையில் கட்சிக் கொறடா கிரேவ்ஸ் இருந்தார். யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள் என்று விரட்டி விரட்டிப் பார்ப்பது அவர் வேலை.

"வா நோரா. உன் கால்கள் இரண்டும் நம் பக்கம்தானே?" என்றார் கிரேவ்ஸ்.

"ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம் என்றால்?"

"ஒன்றை முறித்து என் மேஜையில் வைத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் வெளியே போனார்.

கால்களைப் பற்றி அவர்கள் பேசியதற்குக் காரணம் உண்டு. அந்த அவையில் ஓட்டுப் போடுவது நடந்துதான். அவையின் இரு பக்கமும் இரண்டு நீண்ட நடைகள். மசோதா வேண்டும் என்பவர்கள் ஒன்றில் நடப்பார்கள், வேண்டாம் என்பவர்கள் மற்றதில். மறுமுனையில் தலைகளை எண்ணுவார்கள். அதற்கு முன் மணி அடிக்கும். மணி நின்றதும் கதவுகளைச் சாத்திவிடுவார்கள்.

நோரா உட்காரவில்லை. "மிஸ்டர் ஹாலம், நான் எந்த வாசல் வழியாகப் போகட்டும்?"

"என் மசோதா சரி என்று நான் நினைக்கிறேன். சின்ன வார்டுகளில் அறுவை மருத்துவர் கிடையாது. அதனால் குழந்தைகள் சாகின்றன."

"பனி விழுந்தால் எங்கள் மலைச் சாலை மூடிவிடும். உங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்கள்?"

"அதுவும் எனக்குத் தெரியும்."

"ஊருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களையும் கவிழ்க்க முடியாது. இரண்டு நடையிலும் நடந்துவிடட்டுமா? கூட்டிக் கழித்தால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். சட்டம் அனுமதிக்கிறதாம்."

ஹாலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயிற்றில் குழந்தை நேராக இருக்கிறதா, குறுக்கே கிடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வாய்?"

"கை வைத்துப் பார்ப்பேன்."

"பக்கத்தில் பெரிய டாக்டர் நின்றால்?"

"அப்போதும் கை வைத்துத்தான் பார்ப்பேன்."

"அவர் முகத்தைப் பார்க்க மாட்டாயா?"

"அவர் முகத்தில் குழந்தை இல்லையே, மிஸ்டர் ஹாலம்."

ஹாலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மணி அடிக்கத் தொடங்கியது.

"நான் கேட்டதற்குப் பதில்?"

"மணி அடிக்கிறது, நோரா."

நோரா வெளியே வந்தார். நடைகளுக்கு முன்னால் ஒரே கூட்டம். ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு போனார்கள். யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. பனி மூடிய சாலையில் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் வயிற்றில் கை வைத்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

நோரா வேண்டாம் என்பவர்களின் வாசலுக்குள் நுழைந்தார்.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றுவதுபோலக் கை காட்டினார். "வழி தவறி வந்துவிட்டீர்களா அம்மா? உங்கள் கூட்டம் அந்தப் பக்கம்."

"தெரியும். கொஞ்சம் நகருங்கள்."

மறுமுனைவரை நடந்தார். எண்ணினார்கள்.

மசோதா ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. எதிர்வரிசையில் காகிதங்களை வீசிக் கூச்சலிட்டார்கள். நோரா தன் இருக்கையிலிருந்து எழுந்து ஹாலம் அறைக்குப் போனார். வாசலில் கிரேவ்ஸ் நின்றிருந்தார்.

"இனி இந்தக் கட்டடத்தில் உனக்கு ஒருத்தரும் டீ ஊற்ற மாட்டார்கள்" என்றார்.

"நானே ஊற்றிக்கொள்கிறேன்."

உள்ளே ஹாலம் டையை அவிழ்த்துவிட்டு, ஒரு ஷூவைக் கழற்றிவைத்து, அந்தக் காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தார். பல மாதங்களாக நோரா அவரை அப்படிப் பார்த்ததில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார்.

"நாளைக் காலை அரண்மனைக்குப் போய் ராஜினாமாவைக் கொடுத்துவிடுவேன். மதியம் சாமான் வண்டி வருகிறது. என் மனைவி இப்போதே பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கட்டுகிறாளாம்" என்றார்.

நோரா கதவருகிலேயே நின்றார். "உங்களைக் கவிழ்த்துவிட்டேன்."

"ஆமாம்."

"கோபமா?"

"மசோதா சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஊருக்கு வந்ததும் உன்னோடு ஒரு பெரிய சண்டை பாக்கி இருக்கிறது. ஸ்கெல்பி வார்டு திறந்திருக்கும். அங்கேயே வைத்துக்கொள்வோம்."

நோராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த வாசல் என்று நான் கேட்டபோதே நீங்கள் சொல்லியிருக்கலாம். 'என் பக்கம் வா' என்று ஒரு வார்த்தை போதும். வந்திருப்பேன்."

"தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. நீ போனதும் என்னால் இருக்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே ஓடிவந்தேன்."

"ஓடி வந்தீர்களா? எங்கே?"

"அந்த வாசலுக்கே. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. முன்னால் வந்து வழியை மறித்து நின்றேன்."

"நான் உங்களைப் பார்க்கவே இல்லையே!"

ஹாலம் குனிந்து, நீட்டியிருந்த காலின் பெருவிரலை மெல்லத் தடவிக்கொண்டார்.

"இல்லை, நோரா. என் காலை மிதித்துக்கொண்டு போனாய்."