பலகையில் ஒரு முகம்

“சாமி, கதவைத் திறக்க மட்டும் சொல்லாதீங்க.”

உள்ளேயிருந்து தவமணி சொன்னாள். வெளியே மடத்துச் சாமி நின்றிருந்தார்.

“ஏன்?”

“திறந்தா என் மக சுவரோரம் போயிடுவா.”

மகள் இறந்த பிறகு தவமணி இந்த மடத்துக்கு வந்தாள். ஆறு மாதம் ஆகிறது. வந்த மறுநாளே கதவின் உட்பக்கத்துப் பலகையில், மர ரேகைகளுக்கு நடுவே, மகளின் முகம் தெரிந்தது.

கதவு சாத்தியிருந்தால்தான் தெரியும். அதனால் சாத்தியே வைத்தாள். குளிக்கக் கொள்ள என்றாலும் இருட்டோடு போய் இருட்டோடு வந்துவிடுவாள்.

“நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா சாமி?”

“இல்லை. பல்லு இருக்கா?”

“முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு. அந்த இடத்துல சின்னதா விரிசல்.”

“பேசுதா?”



“நான்தான் பேசுறேன்.”

சாமி வாசலில் உட்காரும் சத்தம் கேட்டது.

“சாமி, இன்னைக்கு வெள்ளையம்மா வரலையே.”

வெள்ளையம்மா மடத்தில் சமைப்பவள். தினமும் கதவைத் தட்டுவாள். “ஏ மகராசி, சோறு வச்சிருக்கேன். நீ முந்துறியா பூனை முந்துதான்னு பாப்போம்” என்பாள். கொஞ்ச நேரம் நிற்பாள். போய்விடுவாள்.

காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகு தவமணி கதவைக் கொஞ்சமாக நீக்கி, கையை மட்டும் நீட்டித் தட்டை எடுப்பாள். அந்தக் குரல்தான் அவளுக்குப் பழக்கம்; ஆளைப் பார்த்ததில்லை.

“அவளுக்குக் கை வலியாம்” என்றார் சாமி.

“அடுப்படி வேலையா?”

“தட்டித் தட்டி.”

தவமணி கதவருகே நகர்ந்தாள்.

“இந்தப் பக்கமும் ஒண்ணு தெரியுது” என்றார் சாமி.

“என்னது?”

“நீ பாத்துச் சொல்லு.”

தவமணி பலகையில் கை வைத்தாள். மகளின் கன்னம் இருந்த இடம். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு தாழ்ப்பாளை எடுத்தாள்.

கதவு உள்பக்கமாகத் திறந்தது. முகம் சுவரோரம் போனது. வெளிப்பக்கம் அவளுக்கு நேரே வந்து நின்றது.

அங்கே ரேகை தெரியவில்லை. மஞ்சள் தெரிந்தது. மசாலா அரைத்த கையின் விரல்முட்டி பட்டுப் பட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

அவள் தன் கையை மடக்கி அதன்மேல் வைக்கப் போனாள். குனிய வேண்டியிருந்தது.

“சாமி” என்றாள். “வெள்ளையம்மா இவ்வளவு குட்டையா?”