குமிழ்விடும் புட்டி

ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஒரு வென்டிலேட்டரும், தண்ணீர் ஊற்றிய ஒரு புட்டியும் அருகருகே இருந்தன. வென்டிலேட்டர் குழந்தையின் தொண்டைக்குள் குழாயை இறக்கி, அதற்குப் பதிலாகத் தானே மூச்சு விடும். புட்டியின் வேலை சிறியது. மூக்குக் குழல் வழியாகப் போகும் காற்று முழுக்க வெளியேறிவிடாமல், குழலின் மறுமுனை மூழ்கிய தண்ணீரால் சற்றுத் தடுத்துவைக்கும். மூச்சு விடவேண்டியது குழந்தைதான்.

ஒரு நாள் காலை, குமுதவல்லிக்குப் பத்து வாரம் முன்னதாகவே பெண் குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே ஒடுங்கியது.

"என்னிடம் கொடுங்கள். இந்த நுரையீரலை நம்பிப் பயனில்லை," என்றது வென்டிலேட்டர்.

நுரையீரலுக்கும் அப்படித்தான் பட்டது. "மூச்சை விட்டதும் என் காற்றறைகளெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. மறுபடி திறக்கத் தெம்பில்லை."

"ஒட்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இழுப்பதை மட்டும் நீ இழு," என்றது புட்டி.

டாக்டர் ஹபீபா முதலில் புட்டியையே பொருத்தச் சொன்னார். அதற்கும் மூச்சு சீராகாவிட்டால் தொண்டையில் குழாய் போடவேண்டிவரும் என்று குமுதவல்லியிடம் மறைக்காமல் சொன்னார். புட்டியில் தண்ணீர் குமிழ்விடத் தொடங்கியது.

பதினொரு மணிக்குக் குழந்தையின் மூச்சு நின்றது. நர்ஸ் செலின் அதன் பாதத்தை விரலால் தேய்த்தாள். விலா மெல்ல அசைந்தது. டாக்டர் சொன்னபடி, காற்றுக்குத் தடுப்பு கூடுவதற்காகப் புட்டிக்குள் இருந்த குழலை இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கினாள். வென்டிலேட்டரையும் குழந்தையின் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்கள்.

"முடியவில்லையென்றால் சொல். அதில் அவமானம் ஒன்றுமில்லை," என்றது புட்டி.

நுரையீரல் இன்னொரு மூச்சை இழுத்தது. பிறகு, "இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்," என்றது.

மதியத்துக்குள் விலா ஒடுங்குவது குறைந்தது. நான்கு மணிக்கு உதட்டில் நிறம் வந்தது. குமுதவல்லியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அவள் விரல் பட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்து, மெலிசாக அழுதது.

அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள். "அழுவுதே சிஸ்டர். வலிக்குதா?"

"அழட்டும்மா," என்றாள் செலின். "அழுறதுக்கும் இப்ப அதுகிட்ட மூச்சு இருக்கு."

குமுதவல்லி காலையிலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.

வென்டிலேட்டர் குழந்தையின் அந்தக் குரலை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு புட்டியிடம் சொன்னது: "நான் எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்திருக்கிறேன். என் குழாய் தொண்டையில் இருக்கும்வரை ஒன்றுகூடச் சத்தம்போட்டு அழுததில்லை. இன்று என்னைக் கூப்பிடாததே நல்லதாயிற்று."