மூன்றாவது ஜோடி

சைக்கிள் குருவுக்கு ஆசிரமம் எல்லாம் கிடையாது. ஜெசிந்தாவுக்கு இருந்தது கோயம்புத்தூர் பீளமேட்டில் ஷட்டர் போட்ட ஓர் அறை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் தொங்கும் சில சக்கரங்கள். வயது முப்பத்து நான்கு. முன்பு மாநில அணிக்காகப் பந்தயம் ஓட்டியவர். அவருடைய சீடர் திருமூர்த்திக்கு ஐம்பத்து மூன்று. குருவைவிடச் சீடர் பத்தொன்பது வயது மூத்தவர் என்பதில் இருவருக்கும் வருத்தமில்லை.

திருமூர்த்தி தொழிலால் சர்வேயர். நிலம் அளக்கிறவர் அல்ல. விபத்தில் நசுங்கிய காரைச் சுற்றி வந்து, சொந்தக்காரர் சொல்வது நிஜமா புளுகா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவர். இருபத்தெட்டு வருடம் ஒரு மனிதன் இதையே செய்தால் என்ன ஆகும்? வீட்டுச் சாம்பாரில் உப்பு கூடினால்கூட, யார் போட்டது, எதற்காகப் போட்டார்கள் என்று யோசிப்பார்.

ஒருநாள் மாலை அவர் ஒரு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"இது ஏமாத்து வேலைங்க மேடம்."

"யாரு ஏமாத்துனது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?"

அது கிளிப் பெடலுக்கான ஷூ. அடியில் ஒரு சின்னக் கட்டை இருக்கும், கிளீட் என்பார்கள். பெடலில் அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். மேலே நாடாவுக்குப் பதில் ஒரு டயல். திருகத் திருக ஷூ இறுகும்.

"ஒரு மணி நேரம் ஓட்டினா வலது கால் விரல் மரத்துப் போகுது. ரெண்டு மணி நேரத்துல கால் இருக்குதான்னு குனிஞ்சு பாக்க வேண்டியிருக்குதுங்க."

"உங்களுக்குச் சுகர் இருக்கில்ல?"

"எட்டு வருசமா." அவர் குரல் இறங்கியது. "டாக்டர் ஒரு மாசம் டைம் குடுத்திருக்காரு. ஷூவாலதான்னா ஷூவை மாத்து. ஷூவால இல்லைன்னா நரம்பு. நரம்புன்னா சைக்கிளை வித்துடுன்னு சொல்லிட்டாரு."

"வேற டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"ரெண்டு பேர்கிட்ட காட்டுனேன். மூணு பேரும் ஒண்ணு மாதிரியே சொல்றாங்க. பேசி வச்சிருப்பாங்களோன்னு தோணுது."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் பயந்துபோயிருந்தார். அவரிடம் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, நண்பர்களும் அதிகம் இல்லை. விடியற்காலையில் பாலக்காட்டு ரோட்டில் சைக்கிள் மிதிக்கிற இரண்டு மணி நேரத்தில்தான் அவர் யாரையும் விசாரிக்காமல் இருந்தார்.

"மேடம், காலுக்குச் சரியான ஷூ எதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கிறது?"

ஜெசிந்தா நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினார். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்தார்.

"ஏறி நில்லுங்க. சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். அளவு எடுக்க இதான் நேரம்."

பென்சிலால் இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்தார். வலது பாதம் இடதைவிடச் சற்றே நீளமாக வந்தது.

திருமூர்த்தி குனிந்து பார்த்தார். "பென்சிலைச் சாய்ச்சுப் புடிச்சுட்டீங்க."

ஜெசிந்தா பென்சிலை அவர் கையில் கொடுத்தார். அவரே இன்னொரு தாளில் வரைந்தார். அதிலும் அப்படியே வந்தது.

"தாள் நகந்திருக்கும்," என்றார்.

"இருக்கலாம். இந்த ஷூ இங்கயே இருக்கட்டும். மூணு ஜோடி தர்றேன். மூணு நாள் ஓட்டிப் பாருங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க."

மூன்று ஜோடி எங்கிருந்து வரும், யார் கொடுப்பார்கள், எதற்குக் கொடுப்பார்கள்? போகிற வழியில் திருமூர்த்தி ஷூ விற்கிற ஒரு சைக்கிள் கடையில் வண்டியை நிறுத்தினார். "ஜெசிந்தா மேடம் அனுப்புனாங்க," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் முகத்தையே பார்த்தார். கமிஷன் ஏற்பாடு ஏதாவது இருந்தால் கண்ணில் தெரியும் என்பது அவருடைய தொழில் ரகசியம்.

"யாருங்க அது?" என்றார் கடைக்காரர்.

நன்றாகத்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திருமூர்த்தி வெளியே வந்தார்.

மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்ததும் ஜெசிந்தா ஒரு துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டப் போனார்.

"இது எதுக்குங்க?"

"கம்பெனி பேரு, கலரு எல்லாம் பாத்தீங்கன்னா நீங்க பேசுவீங்க. எனக்கு உங்க கால் பேசணும்."

"கண்ணைக் கட்டிக் காட்டுல விடறீங்க."

"அவிநாசி ரோட்டுலதாங்க விடறேன்."

ஷூவை மாட்டிவிட்டு, அதன்மேல் மழைக்குப் போடும் கறுப்பு உறையையும் இழுத்துவிட்டார். உறையின் மேல் இரண்டு சுற்று டேப். அடியில் கிளீட் மட்டும் வெளியே தெரிந்தது. துண்டை அவிழ்த்தபோது திருமூர்த்தியின் காலில் இரண்டு கறுப்பு மூட்டைகள் இருந்தன. எதை மறைக்கிறாள் இந்தப் பெண் என்று அவர் நினைத்தார். முகத்திலும் அது தெரிந்தது.

அவர் முன்னால் ஓட்ட, ஜெசிந்தா பின்னால் வந்தார். முதல் சிக்னலில் திருமூர்த்தி காலை விடுவித்து ஊன்றி நின்றார். நின்றதும் அவர் வலது கை தானாகக் கீழே போய் ஷூவின் மேல் எதையோ தேடியது. உறை வழுக்கியது. கை மேலே வந்துவிட்டது. அடுத்த சிக்னலிலும் போனது, வந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சிங்காநல்லூர் சிக்னலில் கால் பெடலில் மாட்டிக்கொண்டு, ஒரு டவுன் பஸ் முழுக்க ஜனங்கள் பார்த்திருக்க, சைக்கிளோடு சாய்ந்து விழுந்தார். ஷூ காலோடு ஒட்டியிருந்தால்தான் குதிகாலைத் திருப்பும்போது பெடல் விடும் என்று அன்றைக்கு முடிவு கட்டியவர். அடிபட்டவன் எச்சரிக்கையாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை அவருக்குத் தெரியாமலே கைக்கு இறங்கிவிட்டிருந்தது.

அரை மணி நேரத்தில் முதல் ஜோடி தோற்றது.

"சுண்டு விரலை நெரிக்குது."

"சரி," என்றார் ஜெசிந்தா.

இரண்டாம் நாள் ஜோடி மேட்டில் ஏறும்போது குதிகாலில் தூக்கிக்கொண்டது. "உள்ள கால் வழுக்குது. இது பெருசு. வேணும்னேதான் பெருசாக் குடுத்தீங்க?"

"ஆமாங்க. பெருசு எப்படி இருக்கும்னு தெரியணுமில்ல."

ஒப்புக்கொண்டது திருமூர்த்திக்குப் பிடிக்கவில்லை. உடனே ஒப்புக்கொள்கிறவர்கள் பின்னால் பெரிதாக எதையாவது வைத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் அவர்கள் பாலக்காட்டு ரோட்டில் போனார்கள். சிக்னல்கள் வந்தன. கால் சுலபமாக விட்டது, சுலபமாக மாட்டியது. ஒரு மணி நேரம் ஆனது. திருமூர்த்தி காத்திருந்தார். ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரத்தில் வாளையாறு பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். அவர் டீயை வாங்கியும் குடிக்காமல் நின்றார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"அஞ்சு விரலும் தெரியுதுங்க. கட்டை விரலை ஆட்டுறேன், ஆடுது."

கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். திரும்பி வந்த ஒன்றரை மணி நேரமும் விரல்கள் இருந்தன. அந்த நிம்மதி பீளமேட்டை நெருங்கும் வரைக்கும்தான் தாங்கியது. அதற்குள் பழைய திருமூர்த்தி விழித்துக்கொண்டார். ரொம்ப நல்லதாக இருக்கிறதே. இது எந்த ஊர் ஷூ? வெளிநாடாகத்தான் இருக்கும். முதல் இரண்டு ஜோடியும் இதை என் தலையில் கட்டுவதற்கான நாடகமா?

அறைக்கு வந்து உட்கார்ந்தவுடன் கேட்டுவிட்டார்.

"இதைத்தான் நான் எடுத்துக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டீங்க, இல்லீங்களா?"

"ஆமாங்க."

"அப்பவே நினைச்சேன்."

"அந்தத் தாள்ல வரைஞ்சீங்களே, அதுமேல இந்த ஷூவை வச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சுது. வலது காலுக்கு முன்னால பெருவிரல் அகலம் இடம் இருந்துது. குதிகாலும் சரியா உக்காந்துது. டாக்டர்கிட்ட போய் இன்னைக்கு நடந்ததைச் சொல்லிடுங்க. அவரு பாத்துச் சொல்றதையும் கேட்டுக்குங்க."

"அதிருக்கட்டும். உறையைக் கழட்டுங்க. பேரைப் பாக்கணும்."

ஜெசிந்தா டேப்பைப் பிரித்து உறையை உருவினார்.

திருமூர்த்தி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தார். நசுங்கிய பம்பரைப் பார்ப்பதுபோலச் சாய்த்துப் பார்த்தார். முன் மூக்கில், சிங்காநல்லூர் சிக்னலில் விழுந்தபோது பட்ட கீறல் இருந்தது.

"இது என்னோடது."

"ஆமாங்க."

"கிளீட்டை நகத்தியிருக்கீங்க."

"இல்லீங்க."

"உள்ள அட்டையை மாத்தியிருக்கீங்க."

"எடுத்துப் பாருங்க."

பாதத்துக்கு அடியில் இருக்கும் உள் அட்டையை உருவினார். யாரும் மாற்றிவிடக்கூடாது என்று வாங்கிய அன்றே அவர் பேனாவால் போட்ட கையெழுத்து அதன் அடியில் இருந்தது. கிளீட்டைச் சுற்றிப் பழைய தடம் அப்படியே பொருந்தியது. வேறு ஷூ என்று எழுதிக் கொடுக்க ஒரு முகாந்திரமும் இல்லை. இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு கேஸ் அவர் பார்த்ததில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"ஒண்ணும் பண்ணாம எப்படிங்க? இதே ஷூ, இதே கால். அன்னைக்கு மரத்துது, இன்னைக்கு மரக்கல. நடுவுல ஏதோ நடந்திருக்குது."

பேசிக்கொண்டே அட்டையை உள்ளே போட்டார். காலை நுழைத்தார். கை டயலுக்குப் போனது. க்ளிக், க்ளிக், க்ளிக்.

"மறைக்காம சொல்லுங்க. இந்த ஷூவை என்ன பண்ணுனீங்க?"

க்ளிக், க்ளிக்.

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டயலின் மேல் இருந்த கையைப் பார்த்தார்.

"ஷூவை ஒண்ணும் பண்ணலீங்க. உங்க கை எட்டாம பாத்துக்கிட்டேன்."