ஆமையோட்டுக் கடிகாரம்

முன்னொரு காலத்திலே, கடலுக்கும் அரண்மனைக்கும் நடுவில் ஒரு தாழங்காடு மட்டுமே இருந்த முத்தரங்கம் என்ற நாட்டைச் சேந்தன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு ஒரே மகள், பவளநாச்சி. தாயில்லாத பெண் என்பதால் அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தான்.

ஒருநாள் பிரெஞ்சு தேசத்துக் கப்பலிலிருந்து மோர்வால் என்றொரு வாலிபன் வந்து இறங்கினான். பட்டுத் துணியை விலக்கி அவன் காட்டிய கடிகாரத்தைப் பார்த்துச் சபையே வாய் பிளந்தது. தேன் நிற ஆமையோட்டை மெல்லிய தகடுகளாகச் சீவி, மரப்பெட்டி முழுக்கப் பதித்திருந்தார்கள். தகடுகளின் இடையே பித்தளைக் கொடிகள் ஓடின. கொடிகளில் பூக்கள், பூக்களில் தும்பிகள்.

"எங்கள் நாட்டில் இதைக் குளிர்காயும் அடுப்புக்கு மேலே மாடத்தில் வைப்போம். இங்கே குளிர் ஏது? இளவரசியின் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் வையுங்கள், மன்னா. நானே இங்கு தங்கித் தினமும் சாவி கொடுக்கிறேன்" என்றான் மோர்வால்.

அப்படியே வைத்தார்கள். டிங் டிங் என்று மணி அடித்தது. பவளநாச்சியின் கூந்தல் நரைத்தது. மறுநாள் டிங் டிங் என்று அடித்தது, முகம் சுருங்கியது. அதற்கும் மறுநாள் டிங் டிங் என்று அடித்தது, முதுகு கூனியது.

வைத்தியர்கள் கையை விரித்தார்கள். மோர்வால் மட்டும் அரசனைத் தனியே அழைத்துச் சொன்னான்: "கடிகாரம் ஓடும்வரைதான் இளவரசியின் மூச்சும் ஓடும். யாரும் அதைத் தொட விடாதீர்கள்."

பாவம், அரசன் நம்பினான். கடிகாரத்துக்குக் காவல் போட்டான்.

அப்பா அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், பவளநாச்சி ஒரு காலையில் கோலூன்றிக் கடற்கரைக்குப் போனாள். அங்கே பாறை நிழலில் ஓடில்லாத பெரிய ஆமை ஒன்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"ஆமையம்மா, உன் ஓடு எங்கே?"

"உன் ஊஞ்சல் பக்கத்தில் இருக்கிறது, மகளே. மோர்வால் ஒரு மந்திரவாதி. என் ஓட்டைக் கழற்றிக் கடிகாரத்தில் பதித்துவிட்டான். மணி அடிக்கும்போதெல்லாம் அது உன் ஆயுளைக் குடித்து அவனுக்குக் கொடுக்கிறது. கடல் கடலாக அதைத் தேடி வந்தேன்."

"இதற்கு என்ன வழி?"

ஆமை கடல் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு, "கடிகாரத்தை நெருப்பில் போடு. உடனே உன் இளமை திரும்பிவிடும். ஓடு எரிந்தால் நானும் போய்விடுவேன், அவ்வளவுதான்" என்றது.

"வேறு வழி?"

"தகடுகளைப் பெயர்த்துக் கடலில் சேர்த்தால் இருவரும் பிழைப்போம். ஆனால் ஒவ்வொரு தகடு பெயரும்போதும் உனக்கு வயது ஏறும். கடைசித் தகடு வரை உயிர் தாங்குமோ, எனக்குத் தெரியாது."

பவளநாச்சி அலைகளைப் பார்த்தாள், ஆமையைப் பார்த்தாள். "இங்கேயே இரு, வருகிறேன்" என்று எழுந்தாள்.

விஷயத்தைக் கேட்ட அரசன் பதறிப்போனான். "கடிகாரம் நின்றால் நீ செத்துப்போவாய் அம்மா!"

"அவனை நம்புகிறீர்களா அப்பா, என்னை நம்புகிறீர்களா?"

அரசன் இடுப்பில் இருந்த குறுவாளை உருவி மகள் கையில் கொடுத்தான்.

முதல் தகட்டைப் பெயர்த்தாள், பல் உதிர்ந்தது. அடுத்த தகட்டைப் பெயர்த்தாள், கண் மங்கியது. "போதும் அம்மா" என்று கெஞ்சினான் அரசன். அவள் நிறுத்தவில்லை. கதவுக்கு வெளியே மோர்வால் கத்தினான், காவலர்கள் அவனைப் பிடித்து நிறுத்தினார்கள். கடைசித் தகட்டுக்கு வரும்போது அவள் கையிலிருந்து குறுவாள் நழுவியது.

"நீங்கள் எடுங்கள், அப்பா."

கண்ணை மூடிக்கொண்டு அரசன் அதைப் பெயர்த்தான். தகடுகளை மேல்துண்டில் முடிந்து, இறகுபோல் கனமற்றிருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தாழங்காட்டு முள் கிழிக்கக் கிழிக்க ஓடினான்.

தகடுகள் தண்ணீரைத் தொட்டன. ஒன்றோடொன்று ஒட்டின. மினுமினுவென்று மிதந்துபோய் ஆமையின் முதுகில் அமர்ந்தன.

"அப்பா, இறக்கி விடுங்கள். நான் என்ன சின்னக் குழந்தையா?"

அரசன் திரும்பிப் பார்த்தான். கன்னங்கரேல் என்று கூந்தல் காற்றில் பறக்க, அவன் பெண் சிரித்தாள். அவன்தான் மணலில் உட்கார்ந்து குழந்தைபோல் தேம்பினான். ஆமை இருவரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அலைக்குள் இறங்கியது.

அரண்மனை வாசலில் மோர்வால் நடக்கவும் முடியாத தொண்டுக் கிழவனாகக் கிடந்தான். "இவனுக்கு என்ன தண்டனை?" என்று கேட்டான் அரசன்.

"முதலில் கஞ்சி கொடுக்கச் சொல்லுங்கள், அப்பா. பல்லில்லாமல் எப்படிப் பசிக்கும் என்று எனக்குத் தெரியும்" என்றாள் பவளநாச்சி.

பின்னாளில் அவளே அந்த நாட்டை ஆண்டாள். அவள் கரையில் ஆமைகளுக்கு ஒரு குறையுமில்லை. கதை கேட்ட உங்களுக்கும் ஒரு குறையும் வேண்டாம்.