தாம்பூலம் வைக்காமல் தூக்கிய ஆள்

எல்லாரும் சௌக்கியமா, கண்ணுகளா? முழங்கால் வலிக்காரர்கள் முதலில் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

முன்னொரு காலத்தில், பெயர் எனக்கே மறந்துபோன ஒரு நாட்டில், ராணியின் வைர மூக்குத்தி காணாமல் போனது. பழி அரண்மனையில் பூக்கட்டும் பூவாண்டி மேல் விழுந்தது. பயந்துபோய் ஆற்றைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு ஓடிவிட்டான். படைத்தலைவர் வலங்கைராயர் சும்மா இருப்பாரா? அந்த நாட்டு ராஜாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆள் அனுப்பி, அவனைக் கோணியில் போட்டுத் தூக்கி வந்துவிட்டார். மறுநாள் காலை வலது கையை வெட்டுவதாகத் தீர்ப்பு. பூக்கட்டுகிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம், சொல்லுங்கள்!

ராஜாவுக்கு ஒரே குஷி. "குத்தவாளி எந்த நாட்டுல இருந்தா என்ன? ஆள் அனுப்பித் தூக்கலாம். எந்த ராஜாவும் தூக்கலாம். இது என் ஆணை!"

விகடகவி சாத்தன் வாயைத் திறந்தான். அவனைக் கண்டாலே ராயருக்கு ஆகாது.

"பாருங்க மகாராஜா, நொட்டை சொல்ல வந்துட்டான்!"

"சாத்தா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினே, நாடு கடத்திடுவேன்!"

"உத்தரவு மகாராஜா. ஆணைப்படியே நடக்கிறேன்" என்று கும்பிட்டவன் நேரே பரிசல் துறைக்குப் போனான்.

பொழுது விடிந்தது. பூவாண்டியை இழுத்து வந்து நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்துச் சாத்தன் அக்கரைத் தலையாரிகள் இருவரோடு சபைக்குள் நுழைந்தான். ஒருவன் கையில் கயிறு, மற்றவன் கையில் கோணி.

"எங்க ராஜா அனுப்பிச்சாரு, கிளம்புங்க மகாராஜா" என்றான் மூத்த தலையாரி. "பன்னி வேட்டைக்கு வந்தப்ப எங்க மருதாயியோட வெள்ளரித் தோட்டத்தைக் குதிரை விட்டு மிதிச்சீங்களே, அந்த வழக்கு. கோணி சின்னதுதான். கொஞ்சம் குறுக்கிக்கிட்டு உக்காருங்க."

ராயர் கத்தியை உருவினார். "எவன்டா இவங்களை உள்ள விட்டது?"

"நான்தான். எந்த ராஜாவும் ஆள் அனுப்பித் தூக்கலாம்னு ஆணை. தடுத்தா உங்க மேல குத்தம் வந்துரும், ராயரே!"

ராஜா எகிறினார். "என் மண்ணுல இன்னொரு ராஜாவோட ஆளு எப்படிடா கை வைக்கலாம்? என்னைக் கேக்க வேண்டாமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சாத்தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"பதில் சொல்லேன்டா!"

"எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு உத்தரவு. அதான் நீங்களே பேசுறீங்களேன்னு கேட்டுக்கிட்டிருக்கேன், மகாராஜா."

ராஜா தன் ஆணையை வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது.

"சரிடா, இப்ப என்ன பண்ணணும்?"

"ஒரு வீட்டுல பொண்ணு கேக்கவே தாம்பூலம் வைக்கிறோம். ஒரு நாட்டுல ஆளைக் கேக்க வெறுங்கையோடயா போறது?"

பூவாண்டியை அக்கரையிலேயே கொண்டுபோய் விட்டார்கள். வெற்றிலைத் தட்டைச் சுமந்தது யார் என்கிறீர்கள்? வலங்கைராயரேதான்! மருதாயியின் தோட்டத்தை உழுது விதைக்க ஆளும் கூடப் போனது. அக்கரை ராஜா தாம்பூலத்தை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அனுப்புறேன். ஆனா நல்லா விசாரிக்கணும். குத்தம் இருந்தாலும் கையை வெட்ட மாட்டோம்னு வாக்குக் குடுங்க."

வாக்குக் கொடுத்தார்கள். விசாரித்தார்கள். மூக்குத்தி ராணியின் எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் கிடந்தது! எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அந்த அம்மாவே கழற்றிப் போட்டு மறந்திருக்கிறாள்.

ராஜா தன் சரிகைப் பட்டைச் சாத்தனுக்குப் போர்த்தி, இரண்டு கறவை மாடும் கொடுத்தார். பூவாண்டி தன் இரண்டு கையாலும் கட்டிய மாலையைக் கொண்டுவந்து அவன் கழுத்தில் போட்டான்.

உங்கள் வேலியைக் கேட்காமல் தாண்டி வந்தவர்கள் உண்டா? என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், கண்ணுகளா.