நரம்பு வேரில் ஒரு முடிச்சு

முத்துப்பேச்சி உப்பளத்தில் வேலை பார்ப்பவள். இடுப்பில் தொடங்கும் வலி வலது குதிகால்வரை நெருப்பாய் இறங்கும். முதுகெலும்புத் தட்டு விலகல் என்று பெல்ட் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வலி போகவில்லை.

ஸ்கேனைத் திரும்பத் திரும்பப் பார்த்து, முதுகுத்தண்டிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பின் வேரில் ஒரு ரத்தக்குழாய் முடிச்சு இருப்பதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ஜெபசீலன். மிக அரிதான கோளாறு. ரத்தம் கசியும்போதெல்லாம் அந்த வேரை நெரிக்கும்.

அவருக்கு அறுவை சிகிச்சை கற்றுத் தந்த டாக்டர் பகவதி, படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீயே எடு. நான் பக்கத்தில் நிற்கிறேன்.”

மைக்ராஸ்கோப்பின் அடியில் முடிச்சு நாவல்பழக் கொத்துபோல் கருத்திருந்தது. பெரும்பகுதி நல்லபடியாக வந்துவிட்டது. மிச்சம் நரம்பிழைகளுக்குள் புகுந்து கிடந்தது.

ஜெபசீலன் கத்தரியை வாங்கினார்.

“மேடம், நரம்பு வேரையும் சேர்த்தே வெட்டிவிடட்டுமா? துளி விட்டாலும் மறுபடி கசியலாம். ஒரே ஒரு வேர்தானே?”

“கத்தரியை வை. கால்மாட்டுக்குப் போய் அவள் பாதத்தைப் பிடி.”

ஒன்றும் புரியாமல் போனார். துணிக்கு அடியில் கைவிட்டுப் பிடித்தார். உப்புநீரில் ஊறி வெடித்த பாதம். மயக்கத்தில் கனத்துக் கிடந்தது.

பகவதி லேசான மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் அந்த வேரைத் தொட்டார்.

பாதம் ஜெபசீலனின் உள்ளங்கையை உந்தியது.

“என்ன?”

“உந்துகிறாள், மேடம்.”

மறுபடி தொட்டார். மறுபடி உந்தியது.

“இப்போது சொல். வெட்டலாமா?”

ஜெபசீலன் கையைக் கழுவி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். இழை இழையாகப் பிரித்தெடுத்தார். மதியம் கடந்துவிட்டது. கடைசியில் கடுகளவு வர மறுத்தது. அதை விட்டுவிட்டுத் தையல் போட்டார்.

மறுநாள் முத்துப்பேச்சி கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள்.

“அந்த எரிச்சல் இல்ல சார்.”

“கொஞ்சம் உள்ளேயே இருக்கும்மா. முழுசா எடுக்க முடியல,” என்றார் ஜெபசீலன்.

அவள் தரையில் பாதத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இருந்துட்டுப் போவட்டும் சார்.”

வார்டுக்கு வெளியே வந்ததும் ஜெபசீலன் பகவதியிடம் கேட்டார்: “மேடம், அந்த மிச்சம் என்றைக்காவது கசிந்தால்?”

“நம்மிடம்தான் வருவாள்.”

“மறுபடியும் முதுகைத் திறக்க வேண்டியிருக்குமே?”

“இருக்கலாம்,” என்றார் பகவதி. “ஆனால் நடந்து வருவாள்.”