பொட்டு வைத்த கேமரா

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் பாளையங்கோட்டையில் கேமரா பழுது பார்க்கிறவர்களுக்கு ஓய்வு கிடையாது. பூஜையில் வைத்த கேமராவுக்கெல்லாம் பொட்டு வைத்திருப்பார்கள். வைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பொத்தானுக்கு மேலேயே சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டு, பிறகு பொத்தான் அமுங்கவில்லை என்று வந்து நிற்பார்கள்.

ஆவுடையப்பனின் கேமராவும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. கல்யாண வீடுகளில் படமெடுத்தே தலை நரைத்தவர். கேமராவுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடும் ஆசையில், மகள் வயதுள்ள ஜெபராணியின் கடையில் சிஷ்யனாகச் சேர்ந்திருந்தார். அவளை டீச்சர் என்று கூப்பிடுவார். பாதி மரியாதை, பாதி கேலி.

சேர்ந்த நாளிலிருந்து மேலே துடைக்கிற வேலைதான். ஒரு கேமராவைக்கூட அவள் திறக்க விட்டதில்லை. மனுஷன் ஏங்கிப் போயிருந்தார்.

அன்று காலை ஜெபராணி, கேமராவைத் திறக்கிற திருப்புளிப் பெட்டியை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள்.

“உங்க கேமராவ நீங்களே வெளிய சுத்தம் பண்ணுங்க அண்ணாச்சி. ஒழுங்கா முடிச்சிட்டா, சாயந்தரம் உள்ள திறக்கலாம்.”

“அவ்வளவுதானா டீச்சர்?”

“அவ்வளவுதான்.”

ஆவுடையப்பன் பேட்டரியைக் கழற்றினார். லென்ஸுக்கு மூடி போட்டார். தூசியை ஊதக் கன்னத்தை உப்பினார்.

“வாயால ஊதாதீங்க. எச்சில் தெறிக்கும்.”

அசடு வழிந்தபடி, காற்றடிக்கிற ரப்பர் பந்தை எடுத்து அமுக்கி ஊதினார். இடுக்கில் காய்ந்திருந்த சந்தனத்தை பிரஷ்ஷால் மெல்லத் தட்டினார். பிறகு துணியும் தண்ணீரும் எடுத்தார்.

“தண்ணி துணியில மட்டும் படட்டும்,” என்றாள் ஜெபராணி.

“சரி. ஒரு சந்தேகம் டீச்சர். துடைச்சது போதும்னு எப்படித் தெரியும்?”

“துணி சொல்லும்.”

“துணி பேசுமா?”

“கவனிச்சாப் பேசும்.”

அது அவருக்குப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்குப் போனதும் மனைவி கோமதியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் துணியில் மஞ்சள் வந்தது. கண்ணேறு படக்கூடாது என்று கோமதி தாராளமாக வைத்த சந்தனம். அடுத்துச் சிவப்பு வந்தது. கைப்பிடியைத் துடைத்தபோது பழுப்பாக வந்தது, முகூர்த்த முகூர்த்தமாகச் சேர்ந்த கை வியர்வை. ஒவ்வொரு தடவையும் துணியைப் புரட்டி ஆசையோடு பார்த்தார்.

அப்புறம் துணி வெள்ளையாகவே வந்தது.

வேறு யாருடைய கேமராவாக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார். தன்னுடையது, அதுவும் பரீட்சை. மனசு கேட்கவில்லை. ஸ்பிரிட் புட்டியைத் திறந்து துணியில் கொஞ்சம் விட்டுக்கொண்டு கைப்பிடியை அழுத்தித் தேய்த்தார்.

துணியில் கறுப்பு வந்தது. இன்னும் தேய்த்தார். இன்னும் வந்தது.

ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“டீச்சர், நீங்க சொன்னது சரிதான். துணி பேசுது. இத்தன வருசமா அடியில கெடந்த அழுக்கு இப்பத்தான் வருது.”

ஜெபராணி எழுந்து வந்தாள். கேமராவைத் தொடவில்லை. துணியை வாங்கி மேஜை விளக்கின் கீழே விரித்தாள்.

“இந்த மஞ்சள் என்னது அண்ணாச்சி?”

“சந்தனம்.”

“சிவப்பு?”

“குங்குமம்.”

“இந்தப் பழுப்பு?”

“என் கை அழுக்கு.”

“இங்க வெள்ளையா இருக்கே?”

“அப்ப ஒண்ணும் வரல டீச்சர். அதுக்கப்புறந்தான் கறுப்பு வந்தது.”

ஜெபராணி துணியை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“உங்க கேமரா என்ன நிறம் அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் கட்டைவிரலால் கைப்பிடியைத் தடவினார். காலையில் சொரசொரப்பாக இருந்த இடம் இப்போது வழுக்கியது.

பிறகு திருப்புளிப் பெட்டியை எடுத்து, அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.